விளையாட்டுப் பூச்சிகளும் வயற்பூச்சிகளும்

பட்டாம்பூச்சியின் புழு கூட்டுப்புழுவாகி, பின் அக்கூட்டினின்று இறகுகளுடன் வெளிவரும் மாறுதலுக்குப் பெயர் யாது என வகுப்பில் வினவினால், 'பரிணாமம்' என்று விடையிறுக்கும் மாணவர் இன்று உளர். விடை பிழையே. ஆயினும் அப்பிழை பெரும்பாலும் சோம்பலினால் விளைவதன்று. வேறோர் ஆசானிடம் கருத்தூன்றிக் கற்றதனால் விளைவது. அவ்வாசான் 'போக்கிமான்' என்னும் ஜப்பானிய மின்னணு விளையாட்டு.

இவ்விளையாட்டு 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், நிண்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிக்கென ஜப்பானில் வெளியாயிற்று. ஆடுபவர் கற்பனை நாடொன்றில் காடு, புல்வெளி, குகை, நீர்நிலை எங்கும் திரிந்து, எதிர்ப்படும் விந்தைப் பிராணிகளைப் பிடித்துச் சேகரித்து வளர்த்து, பிறர் வளர்த்தவற்றோடு பொருதச் செய்வார். முதல் வெளியீட்டில் பிராணிகள் 151. அடுத்தடுத்த வெளியீடுகளால் அத்தொகை இன்று ஆயிரத்தைக் கடந்துள்ளது. நெருப்பு, நீர், புல், பாறை எனப் பல வகைகளாக அவை பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பூச்சி வகை. முதல் 151-இல் 12 பிராணிகள் இவ்வகையின. இப்பூச்சிகளில் இயற்கையை ஒட்டியவை எவை, இயற்கையினின்று பிறழ்ந்தவை எவை என்று ஆராய்வதால் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் பயன் உண்டு. ஈண்டுக் கூறப்படும் பெயர்கள் யாவும் விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பில் வழங்குபவை.

பூச்சி பிடித்த சிறுவன்

விளையாட்டைத் தோற்றுவித்தவர் சதோஷி தஜிரி. இவர் 1965-இல் பிறந்து, டோக்கியோவைச் சார்ந்த மச்சிதா என்னும் புறநகரில் வளர்ந்தவர். அக்காலத்தில் மச்சிதாவில் நெல்வயல்களும் ஓடைகளும் சிறு காடுகளும் இருந்தன. சிறுவன் தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதே பொழுதுபோக்கு. உடன் பயின்றோர் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்று அழைத்தனர். ஜப்பானியச் சிறுவர்க்குக் காண்டாமிருக வண்டும், கலைமான் கொம்பை ஒத்த தாடைகளையுடைய வண்டும் கோடை விடுமுறையின் பெருஞ்செல்வம். மரப்பட்டையில் தேனைப் பூசி வைத்து, அதனை நாடி வரும் வண்டுகளைப் பிடிப்பது அவர்தம் வழக்கம். தஜிரியோ அவ்வண்டுகள் பகலில் உறங்குவன என்பதைக் கண்டு, மரத்தடியில் ஒரு கல்லை இட்டுவைத்து, மறுநாட் காலை அதனைப் புரட்டி, அடியில் தங்கியவற்றைப் பிடித்தார். உயிரின் பழக்கத்தை அறிந்து பொறி வைக்கும் இம்முறை, களத்தில் பூச்சிக் கணக்கெடுப்போர் அனைவரும் கையாளும் முறையே ஆகும்.

நாளடைவில் வயல்கள் வீடுகளாயின, ஓடைகள் மறைந்தன, பூச்சிகளும் அகன்றன. பின்னர் தஜிரி கணினி விளையாட்டுத் துறையில் புகுந்து, 1989-இல் 'கேம் ஃப்ரீக்' என்னும் நிறுவனத்தை அமைத்தார். இரு கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபொழுது அதன்மேல் பூச்சிகள் ஊர்ந்து ஒரு கருவியினின்று மற்றொன்றிற்குச் செல்வதாக அவர் மனத்தில் தோன்றியதே இவ்விளையாட்டின் வித்து என அவரே கூறியுள்ளார். நகரச் சிறுவர்க்குப் பூச்சி பிடிக்கும் இன்பத்தைக் கருவியின் வழியேனும் அளித்தல் அவர் நோக்கமாயிருந்தது.

'மூஷி'யும் பூச்சியும்

விளையாட்டின் பூச்சி வகைக்கு ஜப்பானிய மொழியில் 'மூஷி' என்று பெயர். இச்சொல் ஆறுகால் பூச்சிகளை மட்டுமன்றிச் சிலந்தி, புழு முதலிய சிற்றுயிர்களையும் தழுவுவது. தமிழில் 'பூச்சி' என்னும் சொல்லும் ஏறக்குறைய அத்தகையதே. சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்றும், குடலில் வாழும் புழுவை நாக்குப்பூச்சி என்றும் மக்கள் கூறுகின்றனர். எனவே விளையாட்டில் சிலந்தியும் பூரானும் பூச்சி வகையில் இடம்பெற்றிருப்பதைப் பெரும்பிழை எனக் கொள்ளுதல் வேண்டா. வழக்குச் சொல் ஒன்று, விஞ்ஞானப் பகுப்பு மற்றொன்று என்பதை உணர்த்த அது வாய்ப்பாகவே அமைகின்றது.

ஆனால் கால்களின் எண்ணிக்கையில் விளையாட்டின் ஓவியர் எவ்வித விதியையும் பின்பற்றவில்லை. 1999-இல் தோன்றிய 'ஸ்பினராக்' என்னும் சிலந்திக்கு எட்டுக் கால்களுக்குப் பதிலாக ஆறு கால்கள். 'பீட்ரில்' என்னும் குளவிக்கு ஆறுக்குப் பதிலாக நான்கே உறுப்புகள். அவற்றுள் முன்னிரண்டும் ஈட்டி போன்ற கொடுக்குகள். இயற்கையில் தேனீ, குளவி ஆகியவற்றின் கொடுக்கு உடலின் பின்முனையில் உள்ளது. அது முட்டையிடும் உறுப்பு திரிந்து அமைந்தது. ஆதலின் பெண் இனமே கொட்டும், ஆண் கொட்டாது. விளையாட்டில் ஆண் பீட்ரிலும் தயக்கமின்றிக் கொட்டுகின்றது! உடல் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்து, மார்பில் மூவிணைக் கால்கள் அமைந்திருப்பதே பூச்சியின் இலக்கணம் என்று கற்பித்தபின், இவ்வுருவங்களைக் காட்டிக் குறை காணச் செய்தால் மாணவர் அவ்விலக்கணத்தை மறவார்.

கேட்டர்பீயும் கறிவேப்பிலைப் புழுவும்

பூச்சி வகையில் ஆடுவோர் முதலில் எதிர்ப்படுவன பெரும்பாலும் 'கேட்டர்பீ' என்னும் பச்சைப் புழுவும் 'வீடில்' என்னும் கொடுக்குடைய புழுவுமே. கேட்டர்பீ ஏழாம் படியில் 'மெட்டாபாட்' என்னும் கூட்டுப்புழுவாகவும், பத்தாம் படியில் 'பட்டர்ஃப்ரீ' என்னும் பட்டாம்பூச்சியாகவும் மாறும்.

கேட்டர்பீயின் நெற்றியில் சிவந்த கவை ஒன்று உண்டு. பகைவரை விரட்ட அது அதினின்று துர்நாற்றத்தை வெளியிடும். இது வெறுங் கற்பனையன்று. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இலைகளைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு இவ்வுறுப்பு மெய்யாகவே உண்டு. ஜப்பானிலும் இந்தியாவிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்கள் வாழ்கின்றன. வீட்டுக் கொல்லையில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்றைக் கண்டு, மெல்லிய தூரிகையால் அதன் முதுகைத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவை வெளிப்படும். கடுமையான மணமும் எழும். சிறிது நேரத்தில் அது உள்ளே மறைந்துவிடும். உணர்கொம்பைப் போன்று என்றும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாக விளையாட்டில் வரைந்திருப்பதொன்றே பிழை. பெருங் கண்களும் அத்தகையனவே. இக்குடும்பத்துப் புழுக்கள் சிலவற்றின் மார்பின்மீது கண்ணைப் போன்ற பொய்ப்புள்ளிகள் உள்ளன. உண்மைக் கண்களோ தலையின் இருமருங்கும் உள்ள நுண்ணிய புள்ளிகள். பொய்க் கண்ணை நம்பிப் பறவைகள் ஏமாறுவது போலவே ஓவியரும் ஏமாந்தார் போலும்.

இனி மெட்டாபாட். விளையாட்டில் இது அசையாது கிடந்து தன் ஓட்டை இறுக்கிக்கொள்வதன்றி வேறொன்றும் அறியாத பிராணி. சிறுவர் இதனை எள்ளி நகையாடுவர். ஆயினும் உயிரியலில் பெருவேலை நிகழும் பருவம் இதுவே. கூட்டினுள் புழுவின் தசையிலும் குடலிலும் பெரும்பகுதி சிதைந்து கரைகின்றது. புழுப்பருவத்திலேயே சிறு முகுளங்களாய் அடங்கிக் கிடந்த திசுக்கள் அப்பொருளை உணவாகக் கொண்டு இறகு முதலிய உறுப்புகளாக வளர்கின்றன. இலையைக் கடித்துத் தின்ற வாய், தேனை உறிஞ்சும் குழலாகின்றது.

விளையாட்டில் இம்மாறுதல் போரில் பெறும் அனுபவத்தால் நிகழ்வது. வேண்டாவெனில் ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்தி அதனைத் தடுத்துவிடலாம். இயற்கையில் அனுபவத்திற்கு இடமில்லை. உணவும் உடல் வளர்ச்சியும் சுரப்பு நீர்களுமே காரணம். பூச்சியின் தலையில் சுரக்கும் ஒருவகை நீர் உடலில் மிகுந்துள்ளவரை அது தோலுரித்தாலும் இளமைப் பருவத்திலேயே நிற்கும். அந்நீர் குறைந்தபின்னரே முதிர்பருவம் எய்தும். விக்கிள்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ரோட்னியஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் பூச்சியைக் கொண்டு 1930-களில் இதனை நிறுவினார். இந்நீரை ஒத்த செயற்கைப் பொருள்கள் இன்று கொசுப் புழுக்கள் முதிர்ச்சியடையாதவாறு தடுக்கப் பயன்படுகின்றன. மாற்றத்தைத் தடுக்கும் பொத்தான் இயற்கையிலும் ஒருவாறு உண்டு என்று கூறலாம்.

பட்டர்ஃப்ரீயைப் பற்றிக் கூற வேண்டுவது அதிகமில்லை. எலுமிச்சைக் குடும்பத்துப் புழுவினின்று வால் நீண்ட இறகுடைய பட்டாம்பூச்சி தோன்ற வேண்டியிருக்க, கருநரம்பு ஓடிய வெள்ளிறகுடைய வேறொரு குடும்பத்துப் பட்டாம்பூச்சியை ஒத்த உருவம் வெளிவருகின்றது.

பரிணாமம் என்னும் சொல்

மேற்கூறிய மாறுதலை விளையாட்டு 'ஷிங்கா' என்று அழைக்கின்றது. டார்வினின் கொள்கையைக் குறிக்க ஜப்பானிய உயிரியலார் வழங்கும் சொல்லும் இதுவே. ஆங்கிலப் பதிப்பிலும் பரிணாமத்தைக் குறிக்கும் சொல்லே பெயர்த்து இடப்பட்டது. ஆகவே உலகெங்கும் சிறுவர் உருமாற்றத்தைப் பரிணாமம் என்று கற்றுக்கொண்டனர்.

உருமாற்றம் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நிகழ்வது. பரிணாமம் ஓர் இனத்தில், தலைமுறை தலைமுறையாக நிகழ்வது. அதில் எந்தத் தனி உயிரும் மாறுவதில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரருகே 1848-இல் புள்ளி அந்துப்பூச்சியின் கரிய வடிவம் அருமையாகக் காணப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. வெளிறிய அந்துகள் பறவைகளின் கண்ணுக்கு எளிதில் புலப்பட்டு இரையாயின. நூற்றாண்டின் இறுதிக்குள் அப்பகுதியில் கரிய வடிவமே மிகப் பெரும்பான்மையாயிற்று. அந்துகளில் எதுவும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கரியவை மிகுதியாக எஞ்சி, மிகுதியாக ஈன்றன, அவ்வளவே.

சொல்லில் நேர்ந்த இக்குழப்பம் பள்ளியோடு நின்றுவிடுமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது வயலுக்கும் வருகின்றது. தெளித்த மருந்து பலன் தராதபொழுது, 'பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது' என்று விவசாயிகள் கூறக் கேளாத களப்பணியாளர் இரார். இக்கூற்றில் தனிப் பூச்சி ஒன்று மருந்தைச் சிறிது சிறிதாக உட்கொண்டு வலிமை பெற்றுவிட்டதென்னும் கருத்து அடங்கியுள்ளது. போரில் அடிபட்டு அடிபட்டு அடுத்த படிக்கு ஏறும் விளையாட்டுப் பிராணியின் கதையும் இதுவே. அவ்வாறு நம்புபவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். பழகாத அளவு கொடுத்தால் பூச்சி மடியும் என்பது அவர் கணக்கு. உண்மையில் நிகழ்ந்தது வேறு. இலட்சக்கணக்கான பூச்சிகளில் இயல்பிலேயே அம்மருந்தைத் தாங்கவல்ல சில முன்னமே இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றிற்கு இடம் அளித்தது. டி.டி.டி. மருந்தால் சாகாத வீட்டு ஈக்கள் 1940-களிலேயே தோன்றியது இவ்வாறுதான். அளவைக் கூட்டினால் தேர்வு இன்னும் கடுமையாகி, தாங்கவல்லவை மட்டுமே எஞ்சும்; அவற்றை உண்ணும் சிலந்தியும் பொறிவண்டும் முதலில் மடியும். செயல்முறை வேறுபட்ட மருந்துகளை மாற்றி மாற்றிக் கையாளுதலும், தேவைப்பட்டாலன்றித் தெளியாமையுமே தக்க வழி. பரிணாமம் என்னும் சொல்லைத் திருத்தமாகக் கற்ற மாணவர், பின்னாளில் விவசாயியாகும்பொழுது இதனை விளக்கக் கேட்டவுடன் உணர்ந்துகொள்வார்.

சிள்வண்டின் தோல்

பூச்சிகள் யாவும் கூட்டுப்புழுப் பருவத்தை அடைவன அல்ல. வெட்டுக்கிளி, தும்பி, சிள்வண்டு, கும்பிடுபூச்சி முதலியவற்றின் இளம்பூச்சிகள் பலமுறை தோலுரித்து, இறுதித் தோலுரிப்பில் இறகு பெறும். இது குறை உருமாற்றம் எனப்படும். விளையாட்டில் இவ்வேறுபாடு சில இடங்களில் வியக்கத்தக்க வகையில் பேணப்பட்டுள்ளது. 2002-இல் வெளிவந்த 'நின்காடா' என்னும் பிராணி மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றை உறிஞ்சி வாழும் சிள்வண்டின் இளம்பூச்சி. அது கூட்டுப்புழு ஆகாமல் நேரே 'நிஞ்சாஸ்க்' என்னும் பறக்கும் பூச்சியாகின்றது. இம்முறை இயற்கையோடு முற்றும் பொருந்தும். அப்பொழுது ஆடுபவரின் அணியில் இடம் காலியாக இருப்பின், கழற்றியெறிந்த தோலும் உயிர்பெற்று 'ஷெடிஞ்சா' என்னும் தனிப் பிராணியாக வந்து சேரும். அதன் முதுகில் ஒரு பிளவு உண்டு. மரத்தண்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிள்வண்டுத் தோலை எடுத்துப் பார்த்தால் அப்பிளவு அதே இடத்தில் இருக்கக் காணலாம்.

இவ்விரு முறைகளின் வேறுபாடு களப்பணியாளர்க்குக் கைப்பழக்கமாக வேண்டிய அறிவு. நெல்லின் குருத்துப்பூச்சி முழு உருமாற்றம் உடையது. அதன் அந்துப்பூச்சி பயிரைத் தின்பதில்லை. தண்டினுள் துளைத்துச் செல்லும் புழுவே குருத்தைக் காயச் செய்வதும் கதிரை வெண்கதிராக்குவதும். புழு தண்டினுள் புகுந்தபின் அதனை எட்டுதல் அரிது. எனவே நாற்றின் நுனியில் உள்ள முட்டைக் குவியல்களை நடவுக்கு முன் கிள்ளி அழிப்பதும், விளக்குப் பொறியால் அந்துகளின் வரவை அறிவதும் பயன் தருவன. புகையானோ குறை உருமாற்றம் உடையது. அதன் இளம்பூச்சியும் முதிர்பூச்சியும் தூரின் அடியில் ஒருங்கே அமர்ந்து ஒரே சாற்றை உறிஞ்சுகின்றன. தீங்கற்ற பருவம் என ஒன்று முட்டையைத் தவிர அதற்கில்லை. ஆகையால் புகையானைத் தேடுபவர் இலைநுனியை விடுத்துத் தூரை விலக்கிப் பார்த்தல் வேண்டும்.

உண்மைக்கு நெருங்கியனவும் தலைகீழானவையும்

2006-இல் வந்த 'பர்மி' என்னும் பிராணி, இருக்கும் இடத்திற்கேற்ப இலை, மணல், குப்பை ஆகியவற்றால் போர்வை செய்து அணிவது. பெண் பர்மி போர்வையுடனேயே இறகின்றி முதிரும். ஆண் போர்வையைக் களைந்து அந்துப்பூச்சியாகப் பறக்கும். குச்சிகளாலும் இலைத்துண்டுகளாலும் பை கட்டிச் சுமந்து திரியும் புழுக்களை மரங்களில் கண்டோர் இக்கற்பனையின் மூலத்தை உடனே அறிவர். அவ்வினங்கள் பலவற்றில் பெண் இறகின்றிப் பையினுள்ளேயே வாழ்ந்து, ஆணை வரவழைத்து, அங்கேயே முட்டையிட்டு மடிகின்றது.

அதே ஆண்டில் தோன்றிய தேனீயாகிய 'கோம்பீ' இதற்கு நேர்மாறு. விளையாட்டில் எட்டுக் கோம்பீக்களில் ஏழு ஆண்; பெண் மட்டுமே அரசியாகும். உண்மைத் தேன்கூட்டில் பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்களும் பெண்களே, ஆண்கள் சிறுபான்மை. அரசி ஆவதும் போரினால் அன்று. புழுப்பருவத்தில் ஊட்டப்படும் உணவின் வேறுபாட்டினால்.

'பாரஸ்' என்னும் பிராணி தனிக் கவனத்திற்கு உரியது. இதன் முதுகில் இரு காளான்கள் முளைத்திருக்கும். 'பாரசெக்ட்' என்னும் அடுத்த நிலையில் காளானே உடலை ஆளும். அக்காளானுக்கு விளையாட்டில் இட்ட பெயர் 'டோச்சுகாசோ'. குளிர்காலத்தில் புழு, கோடையில் புல் என்பது அதன் பொருள். கிழக்காசிய மருத்துவத்தில் இப்பெயரால் வழங்கும் பூஞ்சை இமயமலையின் உயரமான புல்வெளிகளில் மண்ணுக்குள் வாழும் அந்துப்புழுக்களைப் பற்றி, அவற்றைக் கொன்று, தலையினின்று தண்டாக முளைப்பது. உத்தராகண்டின் பித்தோராகட், சமோலி மாவட்டங்களில் 'கீடா ஜடீ' என்னும் பெயரில் மக்கள் இதனைச் சேகரிக்கின்றனர். விளையாட்டில் பூச்சி உயிருடன் நடமாடுகின்றது. இயற்கையில் பூஞ்சை முளைப்பதற்குமுன் பூச்சி இறந்துவிடும். பூஞ்சையால் பூச்சியைக் கொல்லும் இம்முறை வேளாண்மைக்குப் புதிதன்று. பிவேரியா, மெட்டாரைசியம் என்னும் பூஞ்சைகள் உயிர்மருந்துகளாக வயல்களில் தெளிக்கப்படுகின்றன. நச்சென்றவுடன் அஞ்சும் விவசாயிக்கு இதனை விளக்க, அவர் வீட்டுச் சிறுவனுக்குத் தெரிந்த பாரஸ் உதவக்கூடும்.

வகுப்பில்

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிச் சிறுவர் 109 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. அந்நாட்டு உயிரினங்களின் படங்களும் போக்கிமான் படங்களும் காட்டப்பட்டன. நான்கு வயதினர் உயிரினங்களில் 32 விழுக்காட்டையும் போக்கிமான்களில் 7 விழுக்காட்டையும் அடையாளம் கண்டனர். எட்டு வயதினரோ உயிரினங்களில் 53 விழுக்காட்டையும் போக்கிமான்களில் 78 விழுக்காட்டையும் கண்டனர். சிறுவர்க்கு உருவங்களைப் பகுத்தறிந்து பெயர் கூறும் ஆற்றல் குறைவில்லை என்பதே இதனால் பெறப்படுவது. அவ்வாற்றலுக்கு வேண்டிய உயிருள்ள பொருள்களை அளிப்பது ஆசிரியர் கடமை. அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

முட்டையோ இளம்புழுவோ உள்ள கறிவேப்பிலைக் கிளை ஒன்றைக் கொணர்ந்து, அகன்ற கண்ணாடிக் குடுவையில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுக. இளம்புழு பறவையின் எச்சத்தைப் போலக் கருமையும் வெண்மையும் கலந்திருக்கும். தோலுரித்துத் தோலுரித்து இறுதியில் பச்சை நிறமாகும். நாள்தோறும் புதிய இலை இடுதலும், எச்சங்களை அகற்றுதலும் மாணவர் முறை வைத்துச் செய்யத்தக்கவை. கூட்டுப்புழுவாகுமுன் புழு உண்பதை நிறுத்திவிடும். அது இடுப்பில் பட்டிழையால் ஒரு வளையமிட்டுக் குச்சியோடு தன்னைக் கட்டிக்கொள்வதைக் கவனிக்கச் செய்க. நிலம் உள்ள பள்ளியாயின், தொட்டியில் நட்ட நெற்பயிரில் புகையானின் இளம்பூச்சிகள் சிலவற்றை வலைத்துணிக்குள் வளர்த்து, இரண்டையும் அருகருகே வைத்தல் சிறப்பு. மாணவர் ஏட்டில் தேதி, உருவம், நீளம், உணவு ஆகிய நான்கு பத்திகளோடு ஐந்தாவதாக ஒரு பத்தி இருக்கட்டும். விளையாட்டில் இதற்கு ஒத்த பிராணி எது, அதில் விடுபட்ட பருவம் எது என்பதை அதில் எழுதுவர். சைத்தர் என்னும் கும்பிடுபூச்சிக்கும், பின்சர், ஹெராக்ராஸ் என்னும் வண்டுகளுக்கும் விளையாட்டில் இளமைப் பருவமே இல்லை என்பதைச் சொல்லிக்கொடாமல் மாணவரே கண்டறிய விடுக. முதல் பூச்சிக்கு இளம்பூச்சியையும், பின்னிரண்டிற்கு மண்ணில் வாழும் புழுவையும் கூட்டுப்புழுவையும் அவர்களே வரைந்து சேர்க்கலாம்.